பழைய இரும்புக் கடையும் ஒரு நூலகந்தான்

கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி ஒன்று செய்ய வெளிக்கிட்டோம். றெஜிபோம் பெட்டி, மின்குமிழ், வெப்பநிலையை 37.5 பாகையளவில் வைத்திருக்கிற சின்னப் பலகை எல்லாம் சுகமாகக் கிடைத்தன. முட்டைகளை ஒரு நாளைக்குச் சில தடவை திருப்பிவிட வேணும். அதற்கு மெதுவாகச் சுற்றும் மோட்டார் ஒன்றுதான் அகப்படவில்லை. "அப்பிடி ஒண்டும் இல்லைத் தம்பி, கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில பாருங்கோ" என்றார்கள். இணையத்தில் ஓடர் பண்ணினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கடைசியில் றேடியோ திருத்துகிற ஐயா ஒருவரிடம் போனோம். "பேரை விடுங்கோ பிள்ளையள். அது என்ன வேலை செய்யோணும்?" என்று கேட்டார். சொன்னோம். "பழுதான மைக்ரோவேவ் ஒண்டு தேடுங்கோ. தட்டைச் சுத்துற மோட்டார் நிமிசத்துக்கு அஞ்சாறு தரந்தான் சுத்தும். ஆனா நீங்கள் கழட்டாதேங்கோ, என்னட்டக் கொண்டு வாங்கோ." பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் இருக்கிற கொள்ளளவி ஆளைக் கொல்லக்கூடிய மின்னைச் சேர்த்து வைத்திருக்கும் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

பாகத்தின் பெயரைத் தேடாமல் அது செய்யும் வேலையைத் தேட வேண்டும் என்பதுதான் நாங்கள் படித்த பாடம். பழைய பிறிண்டருக்குள் நேரான உருக்குக் கம்பிகள் இருக்கும். காரின் வைப்பர் மோட்டார் 12 வோல்ற்றில் மெதுவாக, ஆனால் பலமாகச் சுற்றும். உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மில்லிமீற்றர் உள்ள 608 பெயரிங் சறுக்குச் சில்லுக்குள்ளேயே கிடக்கிறது.

எங்கட ஊருக்கு இது புதிய வித்தையில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காதபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள் எங்கட அப்பா அம்மாமார். அதைப் பொற்காலம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. இல்லாமை படிப்பித்த கெட்டித்தனம் அது. அந்த இல்லாமை திரும்ப வேண்டாம். கெட்டித்தனம் மட்டும் ஏன் அழிய வேண்டும்?

ஆனால் அழிந்துகொண்டுதான் இருக்கிறது. பழுதான சாமான் கிலோக்கணக்கில் நிறுத்து விற்கப்பட்டு உருக்கப் போகிறது. அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரிந்தவர்கள் வயதாகிக் கடையைப் பூட்டுகிறார்கள். பாடசாலைக் கண்காட்சிக்குப் பிள்ளைகள் பொருத்தி முடித்த 'கிற்' வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

எல்லாவற்றையும் பழசில் தேடு என்றும் நாங்கள் சொல்லவில்லை. வயர், பியூஸ், பற்றரி புதிதாகவே வாங்குங்கள். உயிரோடு விளையாட வேண்டாம்.

நாங்கள் கேட்பது சின்ன விசயம். ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில் ஒரு இறாக்கை. கழற்றிய மோட்டார், பற்சில்லு, ஸ்பிரிங் எல்லாம் தனித்தனிப் போத்தல்களில், எதிலிருந்து எடுத்தது என்ற துண்டோடு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை திருத்துகிற ஐயா ஒருவரைக் கூப்பிட்டு இளசுகளோடு இருத்துங்கள். தேத்தண்ணி குடுத்து அனுப்பினால் போதாது, அவருடைய நேரத்துக்குக் காசும் குடுக்க வேண்டும்.

எங்கட பெட்டியில் 12 முட்டை வைத்தோம். 21ஆம் நாள் ஏழு பொரித்தது. அடுத்த ஈட்டுக்கும் மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கட வீட்டில் பழுதான மைக்ரோவேவ் இருந்தால் இரும்புக்காரருக்குப் போட முதல் ஒருக்கா யோசியுங்கோ.