ஒரே வரிசையில் நிற்க வேண்டிய நூல்கள்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் அகவை ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள். வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா 1572ஆம் ஆண்டினது. ஆலிப் புலவரின் மிகுராசு மாலை 1590ஆம் ஆண்டினது. ஆயினும் நூலகத்துள் நுழையும் மாணவன் அவ்விலக்கியப் பரப்பை ஒரே பார்வையில் கண்டுகொள்ள இயலுமா? இயலாது என்பதே என் கருத்து. சீறாப்புராணம் ஓர் உயரம். மஸ்தான் சாகிபு பாடல்கள் வேறோர் உயரம். மாலைகளும் முனாஜாத்துகளும் கம்பி தைத்த சிறு வெளியீடுகள். முதுகே இல்லாத அவற்றில் பெயரை எங்கே பொறிப்பது? தடித்த நூல்களுக்கிடையே அவை நசுங்கிக் கிடக்கின்றன. இருப்பதே தெரியாமையால் எடுப்பாரும் இலர்.

ஒரே அளவு, ஒரே அமைப்பு என்பதெல்லாம் அலமாரியை அழகுபடுத்தும் செல்வர்களின் பொழுதுபோக்கு என்பாரும் உளர். 1935இல் இங்கிலாந்தில் ஆலன் லேன் தொடங்கிய பெங்குவின் நூல்கள் ஆறு பென்னி விலையுள்ள காகித அட்டைப் பதிப்புகளே. புதினத்திற்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம். பறவைச் சின்னமன்றி வேறு படமில்லை. இன்ன வகை நூலெனத் தொலைவிலிருந்தே அறிய அது போதுமானதாயிற்று. தமிழகத்திலும் 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து, மலிவு விலையில் வரிசையாக வெளியிட்டார். எளியோர்க்காகவே இவை செய்யப்பட்டன.

மேலட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காப்பியமாயினும், ஞானப் பாடலாயினும், ஆய்வு நூலாயினும் நம் பதிப்புகள் பலவற்றில் பிறையும் மினாராவுமே காட்சி தருகின்றன. உள்ளே இருப்பது யாதென அவ்வட்டை உரைப்பதில்லை; எழுதியவர் முஸ்லிம் என்பதை மட்டுமே உரைக்கிறது. பிற சமயத்துத் தமிழன்பர் ஒருவர் அதனைத் தொழுகை முறை விளக்கும் நூலென எண்ணிக் கடந்து போவாராயின் அவரைக் குறைகூற முடியுமா? உமறுப்புலவர் அரபு நாட்டையே ஆறும் வயலும் சூழ்ந்த மருத நிலமாகக் கண்டவர். அவர் காப்பியத்தின் அட்டையில் ஒரு நெல்வயல் இருந்தால் என்ன?

1842இல் சேகனாப் புலவர் சீறாவை முதன்முதலாக அச்சேற்றினார். 5,027 விருத்தங்கள், மூன்று காண்டங்கள். இத்தகு பெருநூலைப் பல தொகுதிகளாக வெளியிடுவோர் முதல் தொகுதியின் அளவையே இறுதிவரை காத்தல் வேண்டும். சிறு மாலைகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்துக் கட்டினால் அவற்றுக்கும் முதுகு கிடைக்கும். நூற்பெயரும் புலவர் பெயரும் தொகுதி எண்ணும் அங்கே இடம்பெறும். செலவு சற்றே கூடும். ஒரு வண்ண அட்டையைக் குறைத்தால் ஈடாகிவிடும்.

பொருளுதவி புரியும் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். புரவலரின் நிழற்படம் அட்டையில் வேண்டாம். உட்பக்கம் ஒன்றில் அமையட்டும். உமறுப்புலவரை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரின் பெயரும் காப்பியத்தின் உள்ளேதான் இருக்கிறது.