ரசீதுக்குப் பின் வரும் நிவாரணம்

அமெரிக்க விவசாயி என்றதும் நம் இலக்கிய வட்டாரத்தில் ஒரு சித்திரம் எழுகிறது: அரசின் மானியத்தில் கொழுத்த நிலக்கிழார். மானியத்தின் பெரும்பங்கு பெரும்பண்ணைகளுக்கே போகிறது என்பது மெய்தான். ஆனால் எல்லார் மீதும் அந்தச் சாயத்தைப் பூசுவோர் அந்நாட்டின் 'அவசரகாலப் பாதுகாப்புத் திட்ட'த்தின் விதிகளை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.

1978 ஆம் ஆண்டின் வேளாண் கடன் சட்டத்தில் வேர்கொண்ட திட்டம் இது. வெள்ளம், புயல், தீ போன்றவற்றால் சிதைந்த விளைநிலத்தையும் வேலியையும் சீரமைக்கும் செலவில் 75 சதவீதம் வரை அரசு ஏற்கும். செவிக்கு இனிமைதான். ஆனால் விவசாயி முதலில் தன் கைப்பணத்தைப் போட்டு வேலையை முடித்துக் கணக்குக் காட்ட வேண்டும். பொதுவாக அதன் பிறகே அரசின் பங்கு வரும்.

2017 மார்ச்சில் ஒக்லஹோமாவில் பற்றிய 'ஸ்டார்பக்' தீ கன்சாஸ் மாநிலத்தின் கிளார்க் கவுண்டிக்குள் புகுந்தது. ஏறத்தாழ 2,000 பேர் வாழும் கவுண்டி அது. இரு மாநிலங்களிலுமாக 6 லட்சம் ஏக்கருக்கு மேல் கருகிற்று. ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. குற்றுயிராய்க் கிடந்தவற்றைப் பண்ணைக்காரர்களே சுட்டுக் கொல்ல நேர்ந்தது. மைல் கணக்கில் வேலிகள் அழிந்தன. மைலுக்கு 10,000 டாலர் என்று கொண்டாலும், 10 மைல் வேலிக்கு ஒரு லட்சம் டாலர். மந்தையை இழந்தவன் அதை எங்கிருந்து புரட்டுவான்? வங்கியிடம்தான் போக வேண்டும். அரசுப் பணம் வரும்வரை வட்டி அவன் தலையில்.

வருவாய் குறைந்தோருக்கும் புதிதாகத் தொழிலில் இறங்கியோருக்கும் 90 சதவீதம் உண்டே என்பார்கள். செலவழித்த தொகையில்தானே 90 சதவீதம்? செலவழிக்கவே வழியற்றவனுக்கு அது சுழியம். இல்லாதவனுக்கென்று வகுத்த விதி, இருப்பவனால் மட்டுமே எட்டக்கூடியதாக அமைந்திருப்பதைக் கருணை என்று எப்படி அழைப்பது?

முன்பணம் கொடுத்தால் ஏமாற்றுவார்கள் என்ற வாதம் பொருட்படுத்தத் தக்கதே. ஆனால் அதற்கான விடையை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வேலிப் பணிக்கு 25 சதவீதம் வரை முன்பணம் பெறலாம், 60 நாட்களுக்குள் செலவழிக்காவிடில் திருப்பித் தர வேண்டும் என்றது 2018 ஆம் ஆண்டின் வேளாண் சட்டம். மீட்கும் வழி தெரிந்த பின்னும் கால்பங்கோடு கை நின்றது ஏன்? அச்சம் மோசடி குறித்தது மட்டுமன்று. ஏழையின் நாணயம் குறித்த ஐயமும் அதில் கலந்திருக்கிறது.

அந்தத் தீக்குப் பின் மிச்சிகன், ஒஹாயோ போன்ற தொலைமாநிலங்களின் விவசாயிகள் லாரி லாரியாக வைக்கோல் கொண்டுவந்து இறக்கினார்கள். முகமறியாத மனிதர்களுக்காக வந்தவர்கள். முதலில் நீ வாங்கிப் போடு, பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பசித்த மாடு ரசீது வரும்வரை காத்திருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.