ரத்த அழுத்தத்தில் நரம்புகளின் பங்கு எவ்வளவு?

இதயம் துடிப்பதற்கு நரம்பின் ஆணை தேவையில்லை. அதன் வலது மேலறையில் உள்ள சிறு திசுமுடிச்சு, தன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 துடிப்புகளை எழுப்பும். ஓய்வில் இருப்பவரின் நாடி 70 அளவில் நிற்பதற்கு, மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு அதை இடைவிடாமல் அடக்கிவைப்பதே காரணம். இந்த நரம்பைத் தூண்டினால் இதயம் மெதுவாகும், நின்றுகூடப் போகும் என்று ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1845இல் காட்டினார்கள். பரிவு நரம்புகள் இதற்கு நேரெதிர்: துடிப்பை விரைவாக்கும், சிறு தமனிகளை இறுக்கும்.

கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள நரம்பு முனைகள், தமனிச் சுவர் இழுபடுவதை உணர்ந்து மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அழுத்தம் ஏறினால் ஓரிரு துடிப்புகளுக்குள் வேகஸ் வலுப்பெறும், பரிவு நரம்புகள் தளரும். அழுத்தம் இறங்கினால் இதற்கு நேர்மாறு. படுத்திருந்தவர் எழுந்தால் ஏறக்குறைய அரை லிட்டர் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. அப்படியும் மயங்காமல் நிற்பது இந்த ஏற்பாட்டினால்தான். முதியவர்களிடமும் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளிடமும் இது மந்தமாகிவிடுவதுண்டு. படுத்தால் அழுத்தம் கூடுதல், நின்றால் தலைசுற்றல் என்ற இக்கட்டு அவர்களுக்கு. நிற்கவைத்தும் அளக்காமல் அவர்களுக்கு மாத்திரையின் அளவைக் கூட்டுவது ஆபத்து.

இத்தனை கூர்மையான காவல் இருந்தும் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே நிற்பது எப்படி? உயர்ந்த அளவு சில நாட்கள் நீடித்தாலே, நரம்பு முனைகள் அதை இயல்பு என்று ஏற்றுக்கொண்டு அதையே காக்கத் தொடங்கிவிடுகின்றன. 1970களில் அமெரிக்காவின் ஆர்தர் கைட்டன் குழுவினர் நாய்களில் இந்த நரம்புகளைத் துண்டித்து, இரவும் பகலும் அழுத்தத்தைப் பதிவுசெய்தார்கள். அழுத்தம் கண்டபடி ஏறி இறங்கியது. நாள் சராசரியோ பெரிதாக மாறவில்லை. உப்பையும் நீரையும் எந்த அழுத்தத்தில் வெளியேற்றுவது என்று சிறுநீரகம் வகுக்கும் கணக்கே நெடுங்கால அளவைத் தீர்மானிக்கிறது என்றார் கைட்டன்.

‘டென்ஷன்தான் பி.பி.க்குக் காரணம்’ என்ற பரவலான நம்பிக்கை பாதி உண்மைதான். கோபமும் பதற்றமும் அழுத்தத்தை அந்த நேரத்துக்கு ஏற்றும். மருத்துவரைக் கண்டதுமே அழுத்தம் ஏறுகிறவர்களும் உண்டு. ஆனால், மன அமைதியைத் தேடுபவர் ஊறுகாயையும் கருவாட்டையும் அப்பளத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

அதற்காக நரம்பை ஒதுக்கிவிடவும் முடியாது. சிறுநீரகத்துக்கும் பரிவு நரம்புகள் செல்கின்றன. ரெனின் என்ற நொதியைச் சுரக்கவைத்து, உப்பைத் தேக்கவும் செய்கின்றன. 1940களில் பரிவு நரம்புகளையே வெட்டியெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அழுத்தம் குறைந்தது, எழுந்து நின்றால் மயக்கம் வந்தது. மாத்திரைகள் வந்ததும் அது வழக்கொழிந்தது. இப்போது தமனி வழியே குழாயைச் செலுத்திச் சிறுநீரக நரம்புகளை மட்டும் செயலிழக்கச் செய்கிறார்கள். போலிச் சிகிச்சையுடன் ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வில் இது பெரும் ஏமாற்றம் அளித்தது. மேம்பட்ட முறைகளுடன் நடந்த பிந்தைய ஆய்வுகள் மிதமான பலனைக் காட்டியதால், அமெரிக்க அரசு 2023இல் ஒப்புதல் தந்தது. அழுத்தத்தில் கிடைக்கும் குறைவு, சராசரியாக ஒரு மாத்திரை தரும் அளவுதான். பலருக்கு மாத்திரையும் தொடர வேண்டியிருக்கிறது.