முதல் பாலே

குழந்தையை முதன்முதலில் பாலே பார்க்க அழைத்துப் போகிறவர்கள் 'ஸ்வான் லேக்'கில் தொடங்க வேண்டாம். நான்கு அங்கங்கள், நடுவே நீண்ட சோகம். ஐந்து வயதுக்கு அது பாரம். 'நட்கிராக்கர்' போதும். 1892-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய அதற்கு இரண்டே அங்கங்கள். நியூயார்க் சிட்டி பாலே 1954 முதல் ஆடிவரும் நடன அமைப்பாளர் பாலன்ஷைனின் வடிவத்தில் கிறிஸ்துமஸ் மரம் கண்ணெதிரே சுமார் 40 அடிக்கு வளரும். எலி ராஜாவோடு போரிட்ட கதையை இளவரசன் பின்னால் சைகையிலேயே சொல்வான். அவனும் ஒரு சிறுவன்தான்!

சத்தம் போடாதே என்ற உபதேசத்தைவிட, பாலேயின் சைகைகள் சிலவற்றை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். தலைக்கு மேல் கைகளைச் சுழற்றினால் நடனம், மோதிர விரலைக் காட்டினால் கல்யாணம், மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்தால் மரணம். ஒரு சைகையைத் தானே படித்துவிட்ட குழந்தைக்கு மேடை சொந்தமாகிவிடும். இடைவேளையில் இசைக்குழு அமரும் பள்ளத்தருகே கூட்டிப்போய் வாத்தியங்களைக் காட்டுங்கள். 'நட்கிராக்கர்' கதையில் வரும் சர்க்கரைத் தேவதையின் ஆட்டத்துக்கு மணிபோல் ஒலிக்கும் செலஸ்டாவும் அங்கேதான் இருக்கும். அதற்குள் பிள்ளை களைத்துவிட்டால் தயங்காமல் கிளம்புங்கள். டிக்கெட் காசை நினைத்து, தூங்கி விழும் குழந்தையை மிரட்டி உட்காரவைப்பது அதற்கும் பாலேக்கும் செய்யும் அநியாயம்.