உப்புக்கு வரி கட்டியவனும் ஆகாய விமானமும்

கச்சிராயபாளையத்தில் விமான ஆர்வலர் கழகம் ஒன்று வேண்டும் என்கிறோம். கூழுக்கு உப்புத் தேடும் ஊருக்கு ஆகாய விமானம் ஒரு கேடா என்று எள்ளி நகையாடுவோர் இருக்கக் கூடும். நகைக்கட்டும்! அவர்களுக்கு நாம் 1910-ஆம் ஆண்டைக் காட்டுகிறோம்.

அந்த ஆண்டிலே சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு விமானம் பறந்தது. பறந்தவர் டி ஏஞ்செலிஸ். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கார்சிகாத் தீவுக்காரர். சீமையிலிருந்து கப்பலேறி வந்த விமானமா அது? அல்ல! அவர் வரைந்து கொடுக்க, கோச்சு வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் பட்டறையிலே உருவானது. வண்டி கட்டிய தொழிலாளியின் கைதான் விமானமும் கட்டிற்று. பெயர் மட்டும் ஓட்டல் முதலாளிக்கு!

பிறகு கழகங்கள் வந்தன. 1928-இல் தில்லியிலும் பம்பாயிலும் ஃபிளையிங் கிளப்புகள் எழுந்தன. வெள்ளை அரசாங்கம் மானியம் அளித்தது. 1929 பிப்ரவரி 10-இல் ஜே.ஆர்.டி. டாட்டா இந்நாட்டின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். அவர் திறமையைக் குறை கூறோம். 1932-இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தவர் அவர். நாம் கேட்பது வேறு. அந்த மானியம் யார் பணம்? உப்புக்கும் வரி கட்டியவன் பணம்! கட்டியவன் அண்ணாந்து பார்த்தான்; கட்டாத சீமான் பறந்தான்.

இன்று நம் மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டையில், இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ஓடுதளம் இருக்கிறது. போர் முடிந்தது; விமானங்கள் போயின. அந்த ஓடுதளத்தின் கதையைக் கூட நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டாமா?

விமானம் இல்லாமல் விமானக் கழகமா என்பீர்கள். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு இயந்திர விமானம் கட்டத் தடை வந்தது. அந்நாட்டு இளைஞர்கள் 1920-இல் வாஸர்குப்பே என்னும் குன்றிலே கூடி, இயந்திரமே இல்லாத மிதவை விமானங்களைத் தாங்களே செய்து பறந்தார்கள். குன்றுக்கு நமக்கும் பஞ்சமில்லை. ஆனால், கல்வராயன் மலையிலிருந்து யாரும் குதித்துவிட வேண்டாம், தம்பி! நாம் சொல்வது மாதிரி விமானம்.

படிப்பகத்தில் ஒரு மூலை போதும். மூங்கில் சிம்பு, காகிதம், பசை, ரப்பர் வளையம் போதும். முறுக்கிய ரப்பர் விசிறியைச் சுற்ற, விமானம் எழும். இறக்கை அகலத்தில் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் எடை சமன்பட வேண்டும். மூக்குக் கனத்தால் குப்புற விழும். வால் கனத்தால் தலைதூக்கித் தடுமாறி விழும். பத்து முறை விழுந்த பின் பையனுக்குப் புரிவது, பாடப் புத்தகத்திலே புரியாதது. சொல்லிக் கொடுக்க யார் என்கிறீர்களா? சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ஃபிட்டர் இருக்கிறார், வெல்டர் இருக்கிறார்.

அடுத்த படி ஆளில்லா விமானம். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, 2 கிலோவுக்கு உட்பட்டதை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட விமானி உரிமம் வேண்டியதில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதியும் வேண்டியதில்லை. பதிவு எண் பெறுவதையும் மண்டல வரைபடம் பார்ப்பதையும் செயலாளர் தம் பொறுப்பாகக் கொள்ளட்டும். மின்கம்பி ஓரத்திலும் திருவிழாக் கூட்டத்தின் மேலும் கூடவே கூடாது. கரும்பு வெட்டிய கொல்லை இருக்கிறது; உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

கழகங்கள் விமானம் விழுந்து சாவதில்லை, தோழர்களே; கணக்கு விழுந்து சாகின்றன! தலைவர், துணைத் தலைவர், கௌரவத் தலைவர், புரவலர் என்று பலகை நிறையப் பெயர் எழுதி, பசை வாங்கக் காசில்லாமல் நின்ற சங்கங்களை நாம் கண்டதில்லையா? சந்தா மாதம் பத்து ரூபாய். தொகை கூட்டி வாங்கினால் கூலிக்காரன் பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுவான். வரவு செலவை மாதக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கிப் படிக்க வரும் மலையாளிப் பிள்ளைக்கும் ஊர்ப் பெண் பிள்ளைக்கும் அதே பெஞ்சில் இடம் வேண்டும், ஒதுக்கிவைத்த ஓரத்திலன்று.

ரசீதுப் புத்தகம் முதலில் அச்சாகட்டும். பெயர்ப் பலகையை ஆறு மாதம் கழித்து எழுதிக்கொள்ளலாம்.