சொந்தப் பெயரில் ஒரு கைப்பை: இலாபக் கணக்கும் காசுக் கணக்கும்

சொந்தப் பெயரில் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை நம்மவர்களிடையே, குறிப்பாக இளம் வியாபாரிகளிடையே, வலுத்து வருகிறது. கைப்பை, பேர்ஸ், பெல்ட், ஷோல், ஷோல் ஊசி, காதணி போன்ற பென்சிப் பொருட்கள் மீதே பலரின் கண் விழுகிறது. இரண்டு தையல் இயந்திரங்கள், பேஸ்புக் பக்கம் ஒன்று, பெயர் அச்சிட்ட லேபல் ஒரு கட்டு. இவை இருந்தால் போதும் என்று எண்ணுகின்றனர். ஆசையில் தவறில்லை. ஆனால் இறங்குவதற்கு முன்னர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது.

பெயரின் பெறுமதியை இரத்தோட்டை வியாபாரிகளுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இப்பகுதியின் மிளகும் கராம்பும் ஏலக்காயும் மூடைகளில் பெயரின்றியே வெளியேறுகின்றன. சிறு பொதியில் அடைத்து, வேறொருவர் தமது பெயரைப் பொறித்து விற்கும்போதுதான் விலை ஏறுகிறது. பல நூற்றாண்டுப் புகழ் கொண்ட இலங்கைக் கறுவாவுக்கே 2022ஆம் ஆண்டில்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கிடைத்தது. ஆகவே, பிறரது பொருளையே காலமெல்லாம் விற்காமல் நமக்கென்று ஒரு வர்த்தக நாமம் வேண்டும் என்ற எண்ணம் நியாயமானதே.

கடனின் திசை மாறுகிறது

நமது சிறு நகரங்களில் பென்சிக் கடை நடப்பது எப்படி? புறக்கோட்டை மொத்த வியாபாரி சரக்கைக் கடனுக்குத் தருகிறார். நாம் பின்திகதியிட்ட காசோலை கொடுக்கிறோம். காசோலை வங்கிக்குப் போகும் முன்னர் சரக்கின் ஒரு பகுதி விற்றுவிடுகிறது. அதாவது, நமது வியாபாரத்தின் கணிசமான பகுதி மொத்த வியாபாரியின் பணத்திலேயே ஓடுகிறது.

சொந்தப் பெயரில் பொருள் செய்யத் தொடங்கியதும் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. றெக்சின், சிப், பக்கிள், உட்துணி எல்லாவற்றுக்கும் புதியவரிடம் கைக்காசுதான் கேட்பார்கள். தைப்பவருக்கு வாரக் கடைசியில் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் பொருளைக் கடைகளுக்குக் கொண்டு போனால், “வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு தருகிறேன்” என்பார்கள். யாரும் அறியாத பெயருக்கு எந்தக் கடைக்காரர் முற்பணம் தருவார்? நேற்றுவரை கடன் வாங்கியவர் இன்று கடன் கொடுப்பவராகிறார். பலரைக் கவிழ்ப்பது இந்த மாற்றம்தான்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கைப்பைக்கு மூலப்பொருள் 700 ரூபா, தையற்கூலி 300 ரூபா, லேபலும் உறையும் 80 ரூபா, போக்குவரத்தும் கழிவும் 120 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அடக்கவிலை 1,200 ரூபா. 300 பைகளுக்கு 360,000 ரூபா வேண்டும். விற்பனை விலை 2,400 ரூபா. அதில் கடைக்காரருக்கு 30 வீதம் போனால் நமக்குக் கிடைப்பது 1,680 ரூபா. ஒரு பைக்கு 480 ரூபா இலாபம் என்றதும் மனம் குளிர்கிறது.

பத்துக் கடைகளுக்கு 20 பைகள் வீதம் 200 பைகளைக் கொடுக்கிறோம். மூன்று மாதங்களில் 120 பைகள் விற்கின்றன. மோசமான விற்பனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடைக்காரர்கள் தரும் காசோலைகள் மேலும் இரண்டு மாதம் கழித்தே பணமாகின்றன. ஐந்து மாத முடிவில் வந்த பணம் 201,600 ரூபா. கொப்பியில் 57,600 ரூபா இலாபம். கையிலோ 158,400 ரூபா குறைவு. மீதமுள்ள 180 பைகளில் 216,000 ரூபா முடங்கிக் கிடக்கிறது. இதற்குள் கறுப்பும் கபிலமும் முடிந்துவிட்டன. கடைக்காரர் அவற்றையே மீண்டும் கேட்கிறார். வீட்டில் கிடப்பதோ மஞ்சளும் பச்சையும். கேட்ட நிறத்தைத் தைக்கப் பணமில்லை. இந்த இடத்தில்தான் பலர் ஓடுகின்ற பழைய கடையின் முதலில் கைவைக்கின்றனர். பின்னர் இரண்டுமே ஆட்டம் காண்கின்றன.

பெயர் மட்டும் போதுமா?

இந்தச் சிரமம் வேண்டாம் என்று சிலர் சீனாவிலிருந்து ஆயத்தப் பைகளை எடுப்பித்து, தமது லேபலை ஒட்டுகின்றனர். அது வியாபாரம்தான், சட்டவிரோதமும் அல்ல. ஆனால் அதே தொழிற்சாலையின் அதே பை, லேபல் இல்லாமல் புறக்கோட்டை நடைபாதைக்கு வந்தால், கூடிய விலை கொடுத்து உங்களிடம் வாங்குவதற்கு வாடிக்கையாளருக்கு என்ன காரணம் இருக்கிறது? புகழ்பெற்ற வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரையோ சின்னத்தையோ ஒட்டுவது இதிலிருந்து வேறுபட்டது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அது குற்றமாகும்.

இன்னொரு குழப்பமும் நிலவுகிறது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் தமக்கே சொந்தம் எனப் பலர் நம்புகின்றனர். அது தொழிலைப் பதிவு செய்வது மாத்திரமே. வர்த்தக நாமத்தைக் காக்கும் வியாபாரக் குறிப் பதிவு கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாகச் செய்யப்படுகிறது. விண்ணப்பித்த திகதியிலிருந்து பத்து வருடங்களுக்கு அது செல்லுபடியாகும்; பின்னர் புதுப்பிக்கலாம். லேபல் அச்சடிக்கும் முன்னரே, அதே பெயரையோ அதைப் போன்றதையோ வேறு யாரும் பதிந்திருக்கிறார்களா என்று விசாரிப்பது செலவை மிச்சப்படுத்தும்.

உள்நாட்டு உற்பத்தி என்பதால் டொலரின் தொல்லை இல்லை என்றும் நினைக்கக் கூடாது. சிப்பும் பக்கிளும் றெக்சினும் பெரும்பாலும் கப்பலில்தான் வருகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. அவ்வருடம் ஓகஸ்டில் முந்நூறுக்கு மேற்பட்ட பொருள் வகைகளின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அடக்கவிலையைக் கணக்கிடும்போது அந்த வருடத்தை மறந்துவிடலாகாது.

முன்சென்றவர்கள்

தோல் பைகளுக்குப் பெயர்பெற்ற ஹைடிசைன், 1978இல் புதுச்சேரியில் திலீப் கபூர் ஆரம்பித்த சிறிய பட்டறையாகும். பல வருடங்கள் வெளிநாட்டுக் கடைகளுக்கு விற்றுத் தொழிலைத் திருத்திக்கொண்ட பின்னரே அது இந்தியச் சந்தையில் தனது கடைகளைப் பரப்பியது. 2007இல் லூயி விட்டோன் குழுமம் அதில் பங்கு வாங்கியது. இடைப்பட்ட காலம் ஏறக்குறைய முப்பது வருடங்கள். நமது நாட்டில் ஒடெலை 1989இல் ஆரம்பித்த ஒட்டாரா குணவர்தன, ஏற்றுமதியில் எஞ்சிய ஆடைகளைத் தமது காரில் வைத்து விற்றே தொழிலுக்கு வந்தார். வாங்குபவரின் விருப்பத்தைப் படித்த பின்னரே பெரிய கட்டடம் வந்தது.

மறுபக்கமும் உண்டு. மலேசியாவில் டக் என்ற பெயரில் ஷோல் விற்றுப் புகழ்பெற்ற பெஷன்வெலட் நிறுவனத்தில், அரசு சார்ந்த இரு முதலீட்டு நிறுவனங்கள் 2018இல் 47 மில்லியன் ரிங்கிட்டை இட்டன. பின்னர் அந்தப் பங்குகளை 3.1 மில்லியனுக்கே விற்க நேர்ந்தது. நாடறிந்த பெயரும் பெரும் முதலும் இருந்தும் இந்த நிலை.

இரத்தோட்டையில் என்ன செய்யலாம்?

ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பழகி, திருமணத்தின் பின் வீட்டிலிருக்கும் பெண்கள் நமது ஊர்களில் இருக்கின்றனர். நேரான தையல் அவர்களுக்குக் கைவந்த கலை. அவர்களுக்கு நியாயமான கூலியை நாள் தவறாமல் கொடுத்தால் தரம் தானாக வரும். ரிவர்ஸ்டன் பார்க்க வரும் உல்லாசப் பயணிகளின் வாகனங்கள் இரத்தோட்டை வழியாகவே மலை ஏறுகின்றன. அவர்களுக்கு நேரடியாக விற்கும் ஒவ்வொரு பைக்கும் கைக்காசு கிடைக்கும். கடைக்காரரின் பங்கும் மிஞ்சும்.

அதே தும்பறை மலைகளின் கண்டிப் பக்கக் கிராமங்களில் ஹண நாரில் நெய்யப்படும் தும்பறை ரட்டா கலால என்ற கைப்பணியை யுனெஸ்கோ 2021இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நெசவாளர் சொல்லும் விலைக்கு வாங்கி, அவர்களது ஊர்ப் பெயரையும் பொறித்து, பையின் முகப்பில் வைத்துத் தைத்தால், சீனத் தொழிற்சாலை எளிதில் தர முடியாத ஒன்று நம்மிடம் இருக்கும். மாதம் ஆயிரம் பைகளுக்கு அந்த நெசவு கிடைக்காது. நமக்கும் தொடக்கத்தில் அவ்வளவு தேவையில்லை.

ஆகவே, இறங்க விரும்புபவர் கடை முதலைத் தொடாமல், இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய ஒரு தொகையைத் தனியே ஒதுக்கட்டும். ஒரே மாதிரி, இரண்டு நிறம், ஐம்பது பைகள் என்று தொடங்கட்டும். அந்தத் தொகையில் பாதியை இரண்டாவது சுற்றுக்கென்று வைத்திருக்கட்டும். வட்டிக்கு அஞ்சிப் பங்காளியைச் சேர்ப்பவர்கள், இலாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதோடு நட்டம் யார் தலையில் எப்படி விழும் என்பதையும் முதல் நாளே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

முதற் பையை உறவினரும் நண்பரும் வாங்குவார்கள். அறிமுகமில்லாத ஒருவர் இரண்டாவது தடவையும் அதே பெயரைக் கேட்டு வந்தால், அடுத்த ஐம்பதைத் தைக்கலாம். வராவிட்டால், ஒதுக்கிய தொகையோடு நிறுத்திக்கொண்டு கடையைக் கவனிப்பதில் எந்த வெட்கமும் இல்லை.