டெப் வாங்க முன் ஒரு வார்த்தை



"ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு டெப் வாங்கித் தரட்டுமா சேர்?" பாடசாலைக்கு உதவ நினைக்கும் சகோதரர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நல்ல நிய்யத். நான் டெப்புக்கு எதிரானவனும் அல்ல. ஆனால் காசு கொடுக்க முன் இரண்டு நாடுகளின் கதையைப் பாருங்கள்.

பெரு நாட்டில் அரசாங்கம் 8 இலட்சத்துக்கும் அதிகமான மலிவு விலை லெப்டொப்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 319 கிராமப்புறப் பாடசாலைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. சாமான் போனது, அதை வைத்துப் படிப்பிக்கும் முறை போகவில்லை.

மலாவி நம்மை விட ஏழை நாடு. அங்கே சின்னப் பிள்ளைகள் ஹெட்போன் போட்டு, நாளைக்கு அரை மணித்தியாலமளவில் டெப்பில் கணக்குப் படித்தார்கள். பாடம் அவர்களுடைய சிச்செவா மொழியில். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போகலாம். அங்கே கணித அறிவு கூடியது ஆய்வில் தெரிந்தது.

வித்தியாசம் கருவியில் இல்லை. பாடம், மொழி, நேர ஒழுங்கு ஆகியவற்றில்தான் இருக்கிறது.

தரம் 3க்கு வந்தும் ஒரு பந்தியைத் தடங்காமல் வாசிக்க முடியாத பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். 35 பேருக்கு முன்னால் நிற்கும் ஆசிரியையால் அந்த ஐந்தாறு பேருக்குப் பக்கத்தில் உட்கார முடிவதில்லை. டெப்பின் உண்மையான பயன் இங்கேதான். ஒரு குழு டெப்பில் கணக்குச் செய்யட்டும், இன்னொரு குழு கொப்பியில் எழுதட்டும். அந்த அரை மணித்தியாலம் ஆசிரியை பின்தங்கிய பிள்ளைகளோடு இருக்கலாம். அதற்கு 35 டெப் தேவையில்லை, 10 போதும்.

மிச்சக் காசை உறை, சார்ஜ் பண்ணும் அலுமாரி, திருத்த வேலை, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். இணையம் இல்லாமலும் இயங்கும் தமிழ்ப் பாடங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

கையளிப்பு விழாவில் படம் எடுத்து, அடுத்த வருடம் பெட்டரி செத்து அலுமாரியில் கிடந்தால் அது எப்படி ஸதகதுல் ஜாரியா ஆகும்? பிள்ளை படித்துக்கொண்டிருக்கும் வரைதான் அந்த நன்மை ஓடும்.

ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள், பெற்றோர் உங்கள் கருத்தையும் எழுதுங்கள்.